மதுரையில் கொரோனா தடுப்பூசி: காத்திருப்பும் தேர்வும் (2021–2022)

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் 2021 ஜனவரி 16 அன்று கொரோனா தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு முழுமைக்குமான தொடக்க விழாவும் அதுதான். அன்றைய முதல்வர் எடப்பாடி கே. பழனிசாமி அதே நாளில் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டையும் தொடங்கிவைத்தார். வாடிவாசலைச் சுற்றி ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். ஊசி மையங்களில் கூட்டமே இல்லை. மாநிலத்தின் 166 மையங்களில் மையத்துக்கு 100 பேர் என்று திட்டமிட்டிருக்க, முதல் நாளில் போட்டுக்கொண்ட சுகாதாரப் பணியாளர்கள் மூவாயிரம் பேர் அளவிலேயே இருந்தார்கள். நான்கே மாதத்தில் நிலைமை தலைகீழானது. ஷெனாய் நகர் இளங்கோ மாநகராட்சிப் பள்ளி போன்ற மையங்களில் விடியும் முன்பே வரிசை நின்றது. டோக்கன் தீர்ந்ததும் மீதிப் பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் மதுரை மக்களிடம் அதிகம் புழங்கிய கேள்வி ‘எந்த ஊசி நல்லது?’ என்பது. உயிரைக் காத்தது, காவு கொண்டது என்ற கணக்கில் பார்த்தால், ‘எப்போது போடுவது?’ என்ற கேள்வியே அதைவிடப் பெரியது. ஊசியின் பெயரை விட ஊசி போட்ட மாதமே பலருடைய கதியைத் தீர்மானித்தது.

பெயரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்மையில் எவ்வளவு இருந்தது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2021 ஜனவரி 3 அன்று இரண்டு தடுப்பூசிகளுக்கு அனுமதி தந்தார்: ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் அஸ்ட்ராசெனகா நிறுவனமும் உருவாக்கி புனே சீரம் நிறுவனம் தயாரித்த கோவிஷீல்டு, ஹைதராபாத் பாரத் பயோடெக், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து உருவாக்கிய கோவாக்சின். தமிழ்நாட்டுக்கு வந்த முதல் சரக்கில் கோவிஷீல்டு 5,36,500 டோஸ், கோவாக்சின் 20,000 டோஸ். மதுரை உள்பட மண்டலக் கிடங்குகளுக்கு 2 முதல் 8 டிகிரி குளிரில் அவை பிரித்து அனுப்பப்பட்டன. 166 மையங்களில் கோவாக்சின் போட்டவை ஆறுதான். ஆக, தேர்வை லாரியே செய்து முடித்துவிட்டது. மே மாதத்தில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் முன்பதிவு திறந்த பிறகு, கோவின் தளத்தில் மையத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஊசியின் பெயரும் கட்டணமும் தெரிந்தன. மையத்தைத் தேர்ந்தெடுப்பதன் மூலம் ஊசியைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அதற்குக் கைபேசி வேண்டும், இணையம் வேண்டும், ஆங்கிலமும் ஓரளவு வேண்டும்: ஜூன் தொடக்கத்தில் மற்ற இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டபோதுகூடத் தமிழ் விடுபட்டுப்போய், எதிர்ப்புக்குப் பிறகே வந்தது. தனியார் மருத்துவமனையில் போட்டுக்கொள்ளப் பணமும் வேண்டும். ஜூன் 8 அன்று மத்திய அரசு வைத்த உச்சவரம்பின்படி ஒரு டோஸ் கோவிஷீல்டு 780 ரூபாய், பிறகு அனுமதி பெற்ற ரஷ்யத் தடுப்பூசி ஸ்புட்னிக் 1,145, கோவாக்சின் 1,410. உசிலம்பட்டிப் பக்கம் நாற்று நடப் போகிறவருக்கு இந்தப் பட்டியலில் தேர்வு என்று எதுவும் கிடையாது. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலில் படுத்தால் போகும் கூலி மட்டுமே அவர் கணக்கில் வரும்.

கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்து டோஸ். ஒவ்வொன்றும் அரை மில்லி. குப்பியைத் திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். செவிலியர் திறந்த நேரத்தைக் குப்பியின் மேலேயே எழுதிவைப்பார். பிப்ரவரி, மார்ச்சில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலையில் மூன்று பேர் வருவார்கள். மூன்று பேருக்காகத் திறந்தால் ஏழு டோஸ் வீண். பத்துப் பேர் சேரட்டும் என்று உட்காரவைத்தால், பதினொரு மணிக்கு ஒருவர் எழுந்து போய்விடுவார், பிறகு வரவே மாட்டார். 2021 ஏப்ரல் 11 வரையிலான கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, தமிழ்நாட்டில் வீணானது 12.1 சதவீதம் என்று தெரிந்தது. நாட்டிலேயே அதிகம். இதைச் செவிலியர்களின் அலட்சியம் என்று சிலர் எழுதினார்கள். அது நியாயமில்லை. பத்துப் பேருக்கான குப்பியும் தயங்கும் ஊரும் சேர்ந்தால் சேதாரம் வரத்தான் செய்யும். அதே மாநிலம் கோடையில் தட்டுப்பாடு வந்ததும், குப்பியில் கொசுறாக நிரப்பியிருக்கும் மருந்திலிருந்து 11ஆவது டோஸையும் எடுத்துப் போட்டு, வந்த கணக்கைவிடக் கூடுதலான பேருக்கு ஊசி போட்டதாகக் காட்டியது. கைகளும் ஊசிகளும் மாறவில்லை. வரிசையின் நீளம்தான் மாறியது.

தயக்கத்துக்குக் காரணம் அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது தவறு. கோவாக்சினுக்கு அனுமதி தந்தபோது மூன்றாம் கட்டப் பரிசோதனையின் செயல்திறன் முடிவு வந்திருக்கவில்லை. ‘பரிசோதனை முறையில்’ என்ற நிபந்தனையோடு, போட்டுக்கொள்பவரிடம் ஒப்புதல் படிவம் வாங்கியே போட்டார்கள். இடைக்கால முடிவு மார்ச் 3 அன்றுதான் வந்தது. அதன் பிறகே நிபந்தனை விலக்கப்பட்டது. இந்த நிலையில் ஒரு மருத்துவரே ‘கோவிஷீல்டு வரட்டும்’ என்று சொன்னால், அது மூடநம்பிக்கை ஆகாது. தடுப்பூசியைச் சந்தேகித்த பெரிய மனிதர்கள் இங்கே முன்பும் இருந்திருக்கிறார்கள். எர்ஸ்கின் மருத்துவமனையாக இருந்து, மதுரைக்காரர்களுக்கு இன்றைக்கும் பெரியாஸ்பத்திரியாகவே இருக்கும் அந்த வளாகம் ராஜாஜியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த ராஜாஜிதான் 1955இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை மக்கள் அனைவருக்கும் போடுவதை வெளிப்படையாக எதிர்த்தவர். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்றே முடிவு சொன்னது. கேள்வி கேட்டவரைக் கேலி செய்வதற்கு முன் இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. காசநோய் ஆண்டுக்கணக்கில் மெல்லப் பரவுவது. பதினைந்து ஆண்டு பொறுத்து முடிவு பார்க்கலாம். 2021 ஏப்ரலில் கொரோனா யாருக்கும் அந்த அவகாசத்தைத் தரவில்லை.

பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒரு நாளைய தொற்று ஐந்நூறுக்கும் கீழே இருந்தது. ‘நோயே போய்விட்டது, ஊசி எதற்கு?’ என்ற நினைப்பு பரவலாக இருந்தது. மே 21 அன்று மாநிலத்தின் ஒரு நாள் தொற்று 36,184. அதே நாளில்தான் புதிய முதல்வர் மு.க. ஸ்டாலின் மதுரை தோப்பூரில் ஆக்சிஜன் படுக்கைகளைத் திறந்துவைத்தார். இந்த இடைவெளியில் ஊசி என்ன செய்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. காவல்துறையினர் 1,17,524 பேரை வைத்து, ஏப்ரல் 13 முதல் மே 14 வரை நேர்ந்த மரணங்களைச் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவன ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஊசி போடாத 17,059 பேரில் 20 பேர் இறந்தார்கள். ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டு டோஸ் போட்ட 67,673 பேரில் 4 பேர். மரணத்தைத் தடுப்பதில் ஒரு டோஸுக்கு 82 சதவீதம், இரண்டுக்கு 95 சதவீதம் பலன். அந்தக் கணக்கின் பிரிவு டோஸ் எண்ணிக்கையால்தான், ஊசியின் பெயரால் அல்ல. ஊசி போடாதவர்கள் ஏற்கெனவே நோயாளிகளாக இருந்திருக்கலாமே என்று ஒருவர் மறுக்கலாம். ஓரளவு இருந்திருக்கலாம், உடல் நலமில்லாதவர்களை ஊசி வேண்டாம் என்று வீட்டாரே நிறுத்திவைத்தது உண்டு. அதற்காக எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், ஆயிரத்துக்கு 1.17 என்ற மரண விகிதம் 0.06 ஆனதை அது முழுதாக விளக்கிவிடாது.

பெயருக்குப் பெயர் வேறுபாடே இல்லையா? இருந்தது. மருத்துவப் பணியாளர்களிடம் எடுத்த ஓர் ஆய்வில், இரண்டு டோஸுக்குப் பின் கோவிஷீல்டு போட்டவர்களில் 98 சதவீதத்தினரிடமும் கோவாக்சின் போட்டவர்களில் 80 சதவீதத்தினரிடமும் எதிர்ப்பொருள் தென்பட்டது. இரண்டாம் அலையின்போது டெல்லி எய்ம்ஸ் ஊழியர்களிடையே அறிகுறியுள்ள நோயைத் தடுப்பதில் கோவாக்சினின் பலன் 50 சதவீதம். ஃபரிதாபாதில் தொற்றைத் தடுப்பதில் கோவிஷீல்டின் பலன் 63 சதவீதம். வேறு வேறு ஊர், வேறு வேறு மக்கள் என்பதால் இரண்டையும் அருகருகே வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வைத்தாலும் வித்தியாசம் பதின்மூன்று புள்ளிதான். அந்தப் பதின்மூன்றுக்காக மார்ச்சில் காத்திருந்தவர், மே மாதத்தைச் சுத்தமாகப் பாதுகாப்பு இல்லாமல் கடந்தார். கோவாக்சினுக்கு ஆதரவான ஒரு வாதமும் உண்டு. அதன் இரண்டு டோஸுக்கு இடைவெளி 28 நாள். கோவிஷீல்டின் இடைவெளி மே 13 அன்று 12 முதல் 16 வாரமாக நீட்டப்பட்டது. சீக்கிரம் இரண்டையும் முடிக்க நினைத்தவர் கோவாக்சினைத் தேடியதில் தவறில்லை. ஆனால் ஜூன், ஜூலையில் இரண்டாம் டோஸ் கோவாக்சினுக்காக மையம் மையமாக அலைந்தவர்களும் அவர்களேதான்.

காத்திருப்புக்கு இரண்டாவது காரணம் பயம். நகைச்சுவை நடிகர் விவேக், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர், ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில் பலரும் பார்க்கக் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலமானார். மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழுவும் பல மாதம் கழித்து அதையே உறுதி செய்தது. குழு முடிவு சொல்வதற்குள் தென்மாவட்டங்களின் டீக்கடைகள் தங்கள் முடிவைச் சொல்லி முடித்திருந்தன. கோவிஷீல்டின் இரத்த உறைவுப் பயம் வேறு வகை: அது கற்பனை அல்ல. அதே தேசியக் குழு 2021 மே மாதம் சொன்ன கணக்கு, பத்து லட்சம் டோஸுக்கு 0.61. அரிதிலும் அரிது, ஆனால் பூஜ்யம் இல்லை. ‘ஒன்றும் ஆகாது’ என்று ஒரே போடாகப் போட்ட அதிகாரிகளை விட, இந்தத் தசமப் புள்ளியைத் தமிழில் சுவரில் எழுதி ஒட்டியிருந்தால் மக்கள் கூடுதலாக நம்பியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

பெயர் பார்த்தே தீர வேண்டியிருந்த ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுக்கு மேற்சொன்ன வாதம் பொருந்தாது. மேலூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அவசரப் பட்டியலில் கோவிஷீல்டு 2021 பிப்ரவரி 15 அன்று இடம்பெற்றது. கோவாக்சின் நவம்பர் 3 வரை காத்திருந்தது. இடைப்பட்ட எட்டரை மாதத்தில் கோவாக்சின் போட்டவரின் சான்றிதழைப் பல நாடுகள் ஏற்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள் 28 நாளிலேயே இரண்டாவது கோவிஷீல்டு போட்டுக்கொள்ளலாம், சான்றிதழில் பாஸ்போர்ட் எண் சேர்க்கப்படும் என்று ஜூன் 7 அன்று விதி தளர்ந்தது. விசா காலாவதியாகும் தேதியை வைத்து ஊசியைத் தேர்ந்தெடுத்த அந்த இளைஞர்களே, ஒருவேளை, இந்தத் திட்டத்தில் உண்மையான தேர்வு செய்தவர்கள்.

தடுப்பூசி தாராளமாக வந்ததும் அவசரம் அரசுக்கு மாறியது. செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுவதும் 40,000 இடங்களில் நடந்த முதல் மெகா முகாமில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கறியும் மதுவும் எடுப்பவர்கள் ஊசிக்கு வரத் தயங்குகிறார்கள் என்று முகாமை அக்டோபரில் சனிக்கிழமைக்கு மாற்றினார் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன். சிரிப்பு வரலாம்; மக்களின் வாரத்தைப் புரிந்துகொண்டு எடுத்த, செலவில்லாத முடிவு அது. இதற்கு நேர் எதிரானது டிசம்பரில் மதுரை மாவட்ட நிர்வாகம் எடுத்த வழி. ஒரு டோஸாவது போடாதவர்களுக்கு நியாயவிலைக் கடை, திரையரங்கு, வணிக வளாகம் முதலிய பொது இடங்களில் அனுமதியில்லை என்று அது அறிவித்தது. தாமதம் ஆபத்து என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அப்படியானால் கட்டாயம் சரிதானே என்று கேட்கலாம். சரியில்லை. தாமதத்தை உண்டாக்கியவற்றில் பாதி, சரக்குத் தட்டுப்பாடும் மறைத்துவைத்த தரவுமாகும். அவற்றுக்குத் தண்டனையாக ரேஷன் அரிசியை நிறுத்துவது, வராத பேருந்துக்குப் பயணியிடம் அபராதம் கேட்பது மாதிரி.

பதினைந்து முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2022 ஜனவரி 3 அன்று பள்ளிகளில் ஊசி தொடங்கியபோது கோவாக்சின் ஒன்றே தரப்பட்டது. தேர்வு என்ற பேச்சே எழவில்லை, பிள்ளைகள் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். நாடு முழுவதும் கடைசியில் போட்ட சுமார் 220 கோடி டோஸில் கோவிஷீல்டு ஏறத்தாழ 175 கோடி, கோவாக்சின் 36 கோடி. உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் தீர்ப்புச் சொன்னது: அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றதல்ல, ஆனால் யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, பரிசோதனைகளின் முக்கிய முடிவுகளையும் பின்விளைவு அறிக்கைகளையும் மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வெளியிடச் சொன்ன அந்த உத்தரவு பதினைந்தரை மாதம் முன்னால், பெரியாஸ்பத்திரியில் முதல் குப்பி திறந்த நாளிலேயே வந்திருக்க வேண்டியது.