மொட்டை அம்பும் இலைக் கேமராவும்

மழைக்காட்டுப் பறவைகளைப் படம் பிடிக்க என்ன வாங்கலாம் என்று கேமரா கடையில் கேட்டுப் பாருங்கள். ‘பெரிய லென்ஸா வாங்கிக்குங்க சார்!’ என்பார்கள். சரிதானா? ஆரு தீவுகள் வரை போய்ப் பார்த்துட்டு வந்துடலாம், வாங்க.

நியூகினிக்குத் தென்மேற்கே, இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் தீவுகள் அவை. சொர்க்கப் பறவைகளைத் தேடி 1857-ல் அங்கே போய் இறங்கினார் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். உயரமான மரத்தின் உச்சியில் ஆண் பறவைகள் கூடி, பொன்னிறத் தூவிகளைச் சிலிர்த்துக்கொண்டு ஆடும். வேட்டைக்காரர் என்ன செய்வார் தெரியுமா? அதே மரக்கிளைகளுக்கு நடுவில் ஓலையால் சின்ன மறைவு கட்டி, விடியும் முன்பே ஏறி உட்கார்ந்துகொள்வார். கையில் வில். அம்பின் நுனியிலோ கூர்மை இல்லை, உருண்டையான மரக்கட்டை! ரத்தம் பட்டால் இறகு பாழ். விலை போகாது. (கால்களை வெட்டிவிட்டுத் தோலை மட்டும் விற்றதால், இந்தப் பறவைக்குக் காலே இல்லையென்று ஐரோப்பாவில் கதை கட்டினார்கள். 1758-ல் லின்னேயஸ் வைத்த பெயருக்கே ‘காலில்லாதது’ என்றுதான் அர்த்தம்!)

153 வருஷம் கழித்து, 2010-ல் அதே தீவுக்கு வந்தார் அமெரிக்கப் புகைப்படக்காரர் டிம் லேமன். அவரிடம் பெரிய லென்ஸ் இல்லாமலா? இருந்தது. ஆனால், தரையிலிருந்து அண்ணாந்து எடுத்தால் பளீர் வானத்தின் முன்னே பறவை வெறும் கறுப்பு நிழல். காட்டுக்குள்ளோ தரைக்கு வருகிற வெளிச்சம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். இதில் ஷட்டர் வேகத்தைக் கூட்டுவது எப்படி?

லேமனும் கடைசியில் வேட்டைக்காரர் வழிக்கே வந்தார். இருட்டிலேயே மரமேறினார். ஆட்ட மேடைக்குப் பக்கத்துக் கிளையில் கேமராவைக் கட்டி, இலைகளால் மூடினார். அதில் மாட்டியது, நம்ம கல்யாண வீட்டு குரூப் போட்டோவுக்கு எடுப்பார்களே, அந்த ரக அகல லென்ஸ்! தள்ளி மறைவில் உட்கார்ந்து, லேப்டாப்பில் பார்த்தபடியே க்ளிக் செய்தார்.

பறவையியலாளர் எட்வின் ஸ்கோல்ஸோடு சேர்ந்து 8 வருஷம், 18 பயணம். அன்று அறிந்திருந்த 39 இனங்களையும் எடுத்து முடித்தார்கள். ஆரு தீவுப் படத்தில் கிளைமேல் பறவை, அதற்குக் கீழே காடு முழுக்க, தூரத்தில் உதிக்கிற சூரியன். 1857-ல் அம்போடு காத்திருந்தவர் தினமும் பார்த்த காட்சி அது!