நகரக் குப்பையும் நாட்டு எருவும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் கோட்டை, கோயில், அரண்மனை ஆகியவற்றைக் கொண்டு எழுதுவது மரபு. அந்நகரம் தனக்கு வேண்டாமென்று ஒதுக்கிய பொருள்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதைக் கொண்டும் அதன் வரலாற்றை எழுதலாம். அவ்வாறு எழுதப் புகுவோர்க்குப் பெங்களூரைச் சேர்ந்த மல்லேஸ்வரம் மிகவும் ஏற்ற இடமாகும். காடு மல்லேசுவரர் கோயிலால் பெயர் பெற்ற அப்பகுதியிலும் அதன் அண்டையிலும், கழிவுப் பொருளைப் பற்றி மக்கள் கொண்ட மூன்று வேறு கருத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியுள்ளன. முதலாவது, கழிவைக் கண்ணுக்கு மறைவாக அகற்றிவிட வேண்டும் என்பது. இரண்டாவது, அதைப் பயனுள்ள பொருளாக மாற்ற வேண்டும் என்பது. மூன்றாவது, அது தோன்றாதவாறே தடுக்க வேண்டும் என்பது.

1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரில் பிளேக் என்னும் கொள்ளை நோய் புகுந்தது. நெருக்கமான வீடுகளும் குறுகிய தெருக்களும் நிறைந்த பழைய பேட்டைப் பகுதி பெரிதும் அல்லலுற்றது. அக்காலத்தில் மைசூர் சமஸ்தானத்தின் திவானாக விளங்கியவர் சர் கு. சேஷாத்திரி ஐயர். காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரக்கூடிய புதிய குடியிருப்புகள் நகருக்கு வெளியே வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. அதன் பயனாக வளர்ந்தவையே மல்லேஸ்வரமும் பசவனகுடியும். நேரான வீதிகள், வீட்டுக்கு வீடு இடைவெளி, சம்பங்கியின் பெயரும் வேம்பின் பெயரும் தாங்கிய சாலைகள் என்று மல்லேஸ்வரம் அமைந்தது.

அவ்வமைப்பில் பலரும் கவனியாத ஒரு பகுதி உண்டு. வீடுகளின் முன்புறம் அகலமான வீதி ஓடியது போலவே, கொல்லைப்புறத்தில் ஒரு குறுகிய சந்தும் ஓடியது. அதனைக் கன்ஸர்வென்ஸி சந்து என்பர். எடுப்புக் கழிப்பிடங்களிலிருந்து மலத்தையும் வீட்டுக் குப்பையையும் அள்ளிச் செல்லும் தொழிலாளர் அவ்வழியாகவே வந்து போயினர். அக்காலச் சுகாதார நோக்கில் இஃது ஒரு சீர்திருத்தமே. ஆனால், சாதியின் பெயரால் அத்தொழிலிலே தள்ளப்பட்ட மக்களை வீதியில் நடப்போர் பாராதிருப்பதற்கும் அச்சந்து உதவிற்று. கழிவு மறைந்தது, அதனைச் சுமந்தவரும் மறைந்தனர். எலித் தெள்ளே பிளேக் நோயைப் பரப்புகிறது என்பதை பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் கராச்சியில் கண்டறிந்ததும் அதே 1898-இல்தான். அவ்வுண்மை ஊரெங்கும் ஒப்புக்கொள்ளப்படுவதற்கு முன்னரே, அழுக்கே நோய், அதனைத் தொலைவில் தள்ளுவதே மருந்து என்ற எண்ணம் நகரமைப்பில் கல்லாகச் சமைந்துவிட்டது.

இரண்டாவது கருத்து மல்லேஸ்வரத்தின் வடக்கே, அதனை அடுத்த இடத்திலேயே உருவாயிற்று. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கனவில் பிறந்து, 1909-இல் நிறுவப்பட்டு, 1911-இல் மாணவரைச் சேர்த்துக்கொண்ட இந்திய விஞ்ஞானக் கழகத்தை அப்பகுதி மக்கள் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றே வழங்குவர். 1916-இல் அங்கு வந்த பேராசிரியர் கில்பர்ட் பவுலர், இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகரில் சாக்கடை நீரைத் தூய்மைப்படுத்தும் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். பாலில் சிறிது மோரை உறையிட்டால் தயிராகிறதல்லவா? அது போன்று, நுண்ணுயிர் செழித்த பழைய வண்டலைச் சிறிது சேர்த்தால் புதிய கழிவும் விரைவில் மாறுதலடையும் என்பது அங்கே விளங்கிய உண்மை. இவ்வுண்மையைக் குப்பைக்கும் பொருத்திப் பார்க்க முனைந்தார் பவுலர். வயலிலிருந்து தானியமாகவும் காயாகவும் நகருக்கு வரும் நைட்ரஜன் என்னும் சத்து மீண்டும் வயலுக்குப் போகாவிடில் மண் வறுமையுறும் என்பதே அவருடைய கவலை.

இதே கவலையுடன் இந்தூரில் உழைத்தவர் சர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1924 முதல் 1931 வரை அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தில், இலை, சருகு, சாணம் ஆகியவற்றை அடுக்கி, காற்றுப் புகுமாறு இடையிடையே புரட்டி, சுமார் மூன்று மாதங்களில் எருவாக்கும் முறையை அவர் வகுத்தார். கிராமத்திற்கு அது பொருந்திற்று. ஆனால், நகரத்து மலத்தையும் குப்பையையும் பலமுறை புரட்டுவது தொழிலாளருக்குத் தீங்கு. சத்தும் ஓரளவு காற்றோடு போய்விடும்.

இக்குறைக்கு மாற்றாக, பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் 1939-ஆம் ஆண்டு சி. என். ஆச்சாரியா வகுத்ததே உலகெங்கும் பெங்களூர் முறை எனப்படுவது. அதன் செய்முறை எளிது. நகர எல்லையிலிருந்து அரை மைலுக்குக் குறையாத தொலைவில், மூன்று அடி ஆழமும் ஐந்து முதல் எட்டு அடி அகலமும் கொண்ட நீண்ட குழி வெட்டப்படும். அதில் ஆறு அங்குலம் குப்பை, அதன்மேல் இரண்டு அங்குலம் மலம் என்று மாறிமாறிப் பரப்பி, தரைமட்டத்திற்கு மேல் ஓர் அடி உயரும்வரை நிரப்புவர். உச்சியில் குப்பையே இருக்கவேண்டும். பின்னர், தோண்டிய மண்ணால் மூடிவிடுவர். ஒரு வாரத்திற்குள் குழியினுள் வெப்பம் 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறி, இரண்டு மூன்று வாரம் நிற்கும். நோய்க் கிருமிகளும் ஈயின் முட்டைகளும் அவ்வெப்பத்தில் அழியும். நான்கிலிருந்து ஆறு மாதத்தில் துர்நாற்றமற்ற எரு கிடைக்கும். குழியை மூடியபின் புரட்டவேண்டுவதில்லை.

1943-இல் வங்காளத்தைப் பஞ்சம் வாட்டியது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதே நாட்டின் முதற் கவலையாயிற்று. அந்தப் பத்தாண்டில் நகரக் குப்பையை எருவாக்கும் திட்டம் பல மாகாணங்களில் நகரசபைகள் வாயிலாகப் பரப்பப்பட்டது. மல்லேஸ்வரத்தின் அண்டையில் பிறந்த முறை, எருக்குழி வடிவில் எத்தனையோ ஊர்களின் எல்லைக்குச் சென்றது.

அத்தகைய முறை பின்னர் ஏன் தளர்ந்தது? காரணங்கள் மூன்று. தொழிற்சாலையில் செய்த உரம் மலிவாகவும் மூட்டையாகவும் உழவரிடம் வந்து சேர்ந்தது. குப்பை எருவைச் சுமந்து செல்லும் செலவை ஏற்பார் குறைந்தனர். இரண்டாவது, குப்பையின் இயல்பே மாறிற்று. சருகும் சாம்பலும் காய்த்தோலும் ஆக இருந்த குப்பையில் கண்ணாடி, மின்கலம், பிளாஸ்டிக் உறை ஆகியவை கலந்தன. 1975-இல் கர்நாடகக் கம்போஸ்ட் வளர்ச்சிக் கழகம் பெங்களூரில் நிறுவப்பட்டது. ஆயினும், கலந்து வரும் குப்பையிலிருந்து தூய எரு எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை நாடெங்குமுள்ள எரு ஆலைகள் பட்டறிந்தன.

மூன்றாவது காரணத்திற்காக நாம் வருந்தவேண்டுவதில்லை, மகிழவே வேண்டும். எடுப்புக் கழிப்பிடங்கள் ஒழிந்து வந்தன. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும், அதனினும் விரிவான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. பழைய முறையில் சத்து மண்ணுக்குத் திரும்பிற்று என்பது மெய். அது யாருடைய தலைச்சுமையில் திரும்பிற்று என்பதும் மெய். முன்னதைப் போற்றுவோர் பின்னதை மறத்தலாகாது.

எரு செய்வது தளர்ந்தபோது, அகற்றும் பழைய எண்ணமே மீண்டும் தலையெடுத்தது. இம்முறை கொல்லைச் சந்தின் இடத்தைக் கிராமங்கள் பெற்றன. நகருக்கு வடக்கே மாவள்ளிபுரத்திலும் கிழக்கே மண்டூரிலும் குப்பை மலையாகக் குவிந்தது. தங்கள் நீரும் காற்றும் கெட்டன என்று அவ்வூர் மக்கள் போராடினர். 2012-இல் மாவள்ளிபுரம் மூடப்பட்டது. நகரத் தெருக்களில் குப்பை தேங்கி நின்றது. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் மண்டூருக்குக் குப்பை செல்வதும் நின்றது. தொலைவு என்று நகரத்தார் கருதிய இடம் வேறொருவரின் வாசல் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அந்நெருக்கடியின் நடுவே, 2012 அக்டோபர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்துத் தருவது கட்டாயமாக்கப்பட்டது. 2015 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் இரண்டு தொட்டியும் ஒரு பையும் என்ற ஒழுங்கை வலியுறுத்தியது: மட்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, ஒதுக்க வேண்டிய கழிவுக்குச் சிவப்புத் தொட்டி, உலர்ந்த பொருளுக்குப் பை. குப்பை பொறுக்கி வாழ்ந்தோர்க்கு நகராட்சி அடையாள அட்டை வழங்கியதும், வட்டந்தோறும் அமைந்த உலர் கழிவு நிலையங்கள் சிலவற்றை அவர்களே நடத்த முன்வந்ததும் இக்காலத்து நற்செய்திகளாம்.

பிரித்த பின்னும் குப்பையின் அளவு குறைந்துவிடுவதில்லை. எனவேதான் மூன்றாவது கருத்து வந்தது. ஜெர்மனி 1991-இல் ஓர் ஆணை பிறப்பித்து, பொருளைச் சுற்றி விற்கும் உறைகளுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் வகுத்த வரிசையில் முதலிடம் தவிர்த்தலுக்கு. அதன்பின் மறுபயன், மறுசுழற்சி, வேறு வகை மீட்பு. கடைசி இடமே கொட்டுதலுக்கு. இதனையே சுழற்சிப் பொருளாதாரம் என்பர். கர்நாடகம் 2016-இல் பிளாஸ்டிக் பை முதலியவற்றைத் தடை செய்தது. அதே ஆண்டில் வெளிவந்த மத்திய அரசின் விதிகள் உற்பத்தியாளரின் பொறுப்பைக் குறிப்பிட்டன. 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் சில பிளாஸ்டிக் பொருள்கள் நாடெங்கும் தடைபெற்றன. சட்டம் ஏட்டில் ஏறுவது எளிது. கடைத்தெருவில் இறங்குவது அரிது என்பதையும் நாம் அறிவோம்.

சுழற்சி என்ற சொல் புதிது, பொருள் பழையது. ஆச்சாரியாவின் குழியில் எரு பக்குவமாக மாறியது, அதனுள் மட்கக்கூடிய பொருளே சென்றதனால். ஆகவே சுழற்சியின் தொடக்கம் ஆலையிலும் குழியிலும் இல்லை. பொருளை ஆக்குவோர் எதனால் ஆக்குகின்றனர், வாங்குவோர் எதனை எதனோடு கலக்கின்றனர் என்பதில் இருக்கிறது. கொல்லைச் சந்து கற்பிக்கும் பாடமும் ஒன்றுண்டு. கழிவை மறைப்பதற்கு மனிதரை மறைக்கும் ஏற்பாடு எவ்வளவு சுத்தமாகத் தோன்றினும் அது சுகாதாரமாகாது. குப்பையைக் கையாள்வோர் முன்வீதியில், உரிய ஊதியத்தோடும் கையுறையோடும் பெயரோடும் நடந்து வரும் நகரமே தன் கழிவுக்கு மெய்யாகப் பொறுப்பேற்ற நகரமாகும்.