குளியல் தொட்டி மாதா

அமெரிக்காவில், பாஸ்டனை ஒட்டிய சாமர்வில் ஊரின் பழைய தெருக்களில் மூன்றடுக்கு மரவீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றில் சில வீடுகளின் முன்னால், கையகலப் புல்தரையில் மாதா சொரூபம் தெருவைப் பார்த்தபடி நிற்கும். மாதாவுக்குப் பின்னால் குகைபோல் வளைந்திருக்கும் கெபியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். உட்புறம் வானநீலப் பெயின்ட், வழவழப்பான எனாமல், வெளியே உருண்டு மடங்கிய விளிம்பு. சாட்சாத் குளியல் தொட்டி! நெட்டுக்குத்தாக நிறுத்தி, ஒரு பாதியை மண்ணில் புதைத்திருக்கிறார்கள். ‘பாத்டப் மடோனா’ என்ற அதன் பெயரில் கொஞ்சம் கேலியும் கலந்திருக்கிறது.

இதே ஊரில் கத்தோலிக்கர்கள் ஒரு காலத்தில் பயந்து வாழ்ந்தவர்கள். இன்றைய சாமர்வில்லின் ஒரு குன்றில், அப்போது அது சார்ல்ஸ்டவுனைச் சேர்ந்திருந்தது, உர்சுலைன் கன்னியர் மடமும் பள்ளியும் இருந்தன. கன்னியரைப் பற்றிய வதந்திகளால் கொதித்த புராட்டஸ்டன்ட் கும்பல் 1834 ஆகஸ்ட் 11 இரவு மடத்துக்குத் தீ வைத்தது. மடம் திரும்பக் கட்டப்படவில்லை; பிற்பாடு குன்றையும் வெட்டிச் சமன்செய்துவிட்டார்கள். பின்னால் இத்தாலியிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் வந்து குடியேறியவர்களுக்கு அந்தத் தீ நினைவில் இருந்திருக்காது. ஆனாலும் அதே மண்ணில் சொந்த வீடு வாங்கியவர்கள், வீட்டுக்குள் வைத்திருக்கக்கூடிய சொரூபத்தை வாசலுக்கே கொண்டுவந்தார்கள் என்பது சாதாரண மாற்றமல்ல.

கெபியின் வடிவம் பிரான்சின் லூர்து நகரத்திலிருந்து வந்தது. 1858-இல் பெர்னதெத் என்ற சிறுமிக்கு மாதா அங்கே குகையில் காட்சி தந்ததாக நம்பிக்கை. போர்ச்சுகீசியர் வீடுகளில் பாத்திமா மாதாவும், 1917-இல் அவளைக் கண்டதாகச் சொன்ன மூன்று மேய்ப்பர் குழந்தைகளும் சேர்ந்து நிற்பதுண்டு.

தொட்டி வந்தது சிக்கனத்தால். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கால் வைத்த வார்ப்பிரும்புத் தொட்டிகளைக் கழற்றிவிட்டுச் சுவரோடு பதிக்கும் தொட்டிகளை மாட்டுவது பரவியது. பழையது 100 கிலோவுக்கு மேல் கனக்கும். தூக்கி எறியவே நாலு பேர் வேண்டும். மழைக்கும் பனிக்கும் அசையாது. வளைவோ குகைக்கென்றே அளவெடுத்ததுபோல் இருந்தது. சிமெண்ட் வேலை தெரிந்த ஒருவர் போதும்.

தொட்டியின் பூர்வீகமே வேடிக்கைதான். விஸ்கான்சினில் ஜான் மைக்கேல் கோலர் 1883-இல் கால்நடைத் தொட்டி ஒன்றுக்கு எனாமல் பூசி, நாலு கால் வைத்தால் குளிக்கவும் ஆகும் என்று விற்றார். ஜெர்மானியக் கத்தோலிக்கர் நிறைந்த அதே மாநிலத்தின் கிராமங்களிலும் தொட்டி மாதாக்கள் உண்டு.

சொந்த வாசலில் மாதாவை வைப்பதற்குச் சட்டச் சிக்கல் அதிகமில்லை; நகராட்சி வைக்கும் கிறிஸ்துமஸ் குடில் வேறு கதை. ரோட் ஐலண்டின் பாட்டக்கெட் ஊர்க் குடில் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1984-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தப்பியது. சொந்தப் புல்தரையில் அரசு அத்தனை எளிதில் கைவைக்க முடியாது. புதிய புறநகர்களில் தொல்லை கொடுப்பது குடியிருப்போர் சங்கங்களின் விதிகள்தான். அவற்றைக் கட்டுப்படுத்த டெக்சாஸ் 2021-இல் சட்டமே போட்டது.

சாமர்வில்லுக்கு வேறு கவலை. 1984-இல் டேவிஸ் சதுக்கத்துக்கு மெட்ரோ ரயில் வந்தபின் வீட்டு விலை ஏறியது. பழைய குடும்பங்கள் விற்றுவிட்டு நகர்ந்தன. புதிதாக வந்தவர்களில் சிலர், ஜெபமாலை தொடாதவர்களும்கூட, மாதாவை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். பழைய தொட்டி கிடைக்காத பக்தர்களுக்கும் வழி இருக்கிறது: குளியல் தொட்டி மாதிரியே வார்த்து, சிப்பி வரிகளும் போட்ட கெபிகள் இப்போது ஆலையிலிருந்தே வருகின்றன.