தாய்லாந்து தேவதைக்குக் கோயமுத்தூர் விலாசம்

மல்லேஸ்வரத்தில் குடியிருக்கும் நம்மவர் வீடுகள் பலவற்றில் காளானுக்கு இன்னும் முழு அனுமதி கிடைத்தபாடில்லை. பெரியவர்கள் இருக்கிற வீடு என்றால் தனி வாணலி. நாய்க்குடையைப் போய் யாராவது தின்பார்களா என்ற கேள்வியும் கூடவே வரும். அதே வீட்டுப் பிள்ளைகள் தாய் உணவகத்துக்குப் போனால் டாம் யம் சூப்பில் மிதப்பதை ஒன்று விடாமல் வழித்துச் சாப்பிடுகிறார்கள். கேட்டால் அது வெளிநாட்டுக் காளானாம்! எவ்வளவு தூரம் வெளிநாடு என்று கொஞ்சம் கிளறிப் பார்ப்போம்.

தாய் மொழியில் 'ஹெட்' என்றால் காளான். டாம் யம்முக்கு வழக்கமாகப் போடுவது ஹெட் ஃபாங், அதாவது வைக்கோல் காளான். நெல் விளையும் ஊர்க்காரர்களான நமக்கும் இது புதிதல்ல. 1943-லேயே கோவை வேளாண் கல்லூரியில் கே.எம். தாமஸும் சக ஆய்வாளர்களும் இதை வளர்ப்பது பற்றி எழுதிவிட்டார்கள். ஹெட் ஹூ நூ என்று ஒன்று உண்டு. எலிக்காது என்று அர்த்தம், பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். மழைக்குப் பின் அவர்கள் தேடிப் போய்ப் பறிக்கும் ஹெட் கோன், நம் கிராமத்துப் புற்றுக் காளானின் உறவுதான்.

நான் சொல்ல வந்தது ஹெட் நாங் ஃபா பற்றி. நாங் ஃபா என்றால் வானுலகப் பெண், தேவதை. நாம் வெறுமனே சிப்பிக்காளான் என்கிறோம். (பெயர் வைப்பதில் தாய்லாந்துக்காரர்கள் நம்மை முந்திவிட்டார்கள், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.) தாய்லாந்துக் கடைகளில் வெகு சாதாரணமாகக் கிடைக்கும் இது அந்த ஊர்க் காளானே இல்லை. இமயமலை அடிவாரத்தில் ஒரு கள்ளி வகைச் செடியின் தண்டில் கண்டெடுக்கப்பட்டது. 1974-ல் ஜண்டாயிக், கபூர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் செயற்கையாக வளர்க்கும் முறையை வெளியிட்டார்கள். நம் நாட்டுச் சிப்பிக்காளான் வளர்ப்புக்கு அதற்கு முன்பே மைசூரில் பிள்ளையார் சுழி போட்டாயிற்று. அங்கே மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வகத்தில் பானோவும் ஸ்ரீவஸ்தவாவும் 1962-ல் இன்னொரு சிப்பிக்காளானை வைக்கோலில் வளர்த்துக் காட்டியிருந்தார்கள்.

கோயமுத்தூர் இந்தக் கதைக்குள் வருவது 1975-ல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ரங்கசாமி, கந்தசாமி, ராமசாமி மூவரும் இந்தக் காளான் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். வெளியிட்டது 'கரண்ட் சயன்ஸ்' இதழ். அதன் அலுவலகம் இன்று மல்லேஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே, சதாசிவநகரில்தான் இருக்கிறது. புரதம் நிறைந்தது, காற்றிலுள்ள நைட்ரஜனையும் பிடித்துக்கொள்வது என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார்கள். இரண்டாவது விஷயம் நிற்கவில்லை. அந்த வேலை பாக்டீரியாக்களால் முடியும், பூஞ்சையால் முடியாது. ஆனால் காளான் நின்றுவிட்டது!

தாய் மொழியில் புழங்கும் காளான் வளர்ப்புக் குறிப்புகள் மீதிக் கதையைச் சொல்கின்றன. கோவையிலிருந்து இதன் தூய வித்து அமெரிக்காவின் நுண்ணுயிர்ச் சேமிப்பு மையத்துக்குப் போனது. அங்கிருந்து 1977 வாக்கில் தாய்லாந்து வேளாண் துறை அதை வரவழைத்து வளர்த்துப் பார்த்தது. அந்தக் குறிப்புகளில், வித்தைக் கொடுத்தவர்கள் 'கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ரங்கசாமியும் நாடுவும்' என்று இருக்கிறது. யாரப்பா இந்த நாடு? தமிழ்நாடுதான் எங்கோ பிரதி எடுக்கும்போது பாதியாய் வெட்டுப்பட்டு ஒரு விஞ்ஞானியாகிவிட்டது என்பது என் ஊகம். கந்தசாமியும் ராமசாமியும் காணாமல் போய், அவர்கள் இடத்தில் நம் மாநிலமே உட்கார்ந்திருக்கிறது. சிரிப்பாக இருந்தாலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நாமே எழுதி வைக்காததை அவர்களாவது அரைகுறையாக எழுதி வைத்திருக்கிறார்களே.

பெயர்க் குழப்பம் இதோடு முடியவில்லை. இதற்கு அப்போது வைத்த அறிவியல் பெயர் 'சஜோர் காஜு'. மலாய் மொழியில் சயூர் என்றால் காய்கறி, காயு என்றால் மரம். ஈழத்து நண்பர்கள் மரக்கறி என்கிறார்களே, சொல்லுக்குச் சொல் அதேதான் (பொருள்தான் வேறு). ஆனால் அந்தப் பெயருக்கு உரியது தண்டில் வளையம் கொண்ட, தோல் மாதிரிக் கெட்டியான வேறொரு காளான் என்று பிற்பாடு தெரிந்தது. நம் இமயமலைக்காரி வேறு இனம். ஆராய்ச்சியாளர்கள் பெயரை மாற்றிவிட்டார்கள், விவசாயிகள் இன்னும் பழைய பெயரை விடவில்லை.

இது இத்தனை தூரம் பரவியதற்குக் காரணம் எளிது. மொட்டுக் காளானுக்கு 16, 18 டிகிரிக் குளிர் வேண்டும், ஊட்டிதான் சரி. சிப்பிக்காளானுக்கு 25 டிகிரியே போதும். கோவையில் வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, சோளத்தில் வளர்த்த வித்தை அடுக்கடுக்காய்த் தூவி பாலிதீன் பையில் கட்டித் தொங்கவிடுவார்கள். மூன்று வாரம் ஆனால் மொட்டு விடும். தாய்லாந்தில் வைக்கோலுக்குப் பதில் ரப்பர் மரத்தூளும் தவிடும். ரப்பர் தோட்டங்கள் உள்ள நாட்டில் மரத்தூளுக்கா பஞ்சம்? பிறகு பூடானிலிருந்து வந்த இன்னொரு ரகமும் சேர்ந்துகொள்ள, அதற்கு 'பூடான் தேவதை' என்று பெயர் வைத்தார்கள்.