கியர் பாக்ஸ் ஆயிலும் ஒரு திமிங்கிலமும்

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களிடம் கியர் பாக்ஸ் ஆயிலை எப்போது மாற்றணும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "மாற்றவே வேண்டாம், அது ஆயுசுக்கும் வரும்" என்பவர்களும் உண்டு. இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு திமிங்கிலம் இருக்கிறது, நம்புங்கள்!

ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ராமேட்டிக் கியர் பாக்ஸைக் கொண்டுவந்தது. இந்த வகை கியர் பாக்ஸில் ஊற்றும் ஆயில் பல்சக்கரங்களை வழுக்க விடணும். அதே சமயம் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் நழுவாமல் பிடிக்கவும் விடணும். விசித்திரமான வேலைதான். அதற்குக் கைகொடுத்தது ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய். சரியாகச் சொன்னால் அது எண்ணெய் இல்லை, பெரும்பாலும் திரவ மெழுகு. சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும். 1960களில் அமெரிக்க கார்களின் ஆயிலில் அதைச் சிறிதளவு சேர்த்தார்கள்.

1970ல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் உயிரினங்கள் பட்டியலில் சேர்த்தது. இறக்குமதி நின்றது. மாற்றுப் பொருள் சேர்த்த ஆயிலோடு ஓடிய கார்களில் கியர் பாக்ஸ் பழுதுகள் பெருகின. (திமிங்கிலத்துக்கு நல்ல காலம், மெக்கானிக்குக்கும்தான்!) வேதியியலாளர்கள் படிப்படியாகத்தான் அதைச் சரிசெய்தார்கள்.

இன்றைய செயற்கை ஆயில் நெடுநாள் உழைக்கும். ஆனாலும் சூட்டில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெடத்தான் செய்யும். காரோடு வந்த கையேட்டில், கடுமையாக ஓட்டுபவர்களுக்கென்று தனியாக ஒரு கிலோமீட்டர் கணக்கு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நெரிசலில் தினமும் ஊர்ந்து போகும் கார் அந்தக் கணக்கில்தான் வரும்.