எலக்ட்ரோலைட் ரிப்போர்ட் சொல்வது என்ன? வீட்டில் உள்ளவர்கள் அறிய வேண்டியவை

நேற்று வரை அத்தா நன்றாகத்தான் இருந்தார். இன்று காலையில் பேரனைப் பார்த்து "யாருப்பா நீ?" என்று கேட்கிறார். சாப்பாடு வேண்டாம் என்கிறார். ஒளூ செய்ய எழுந்தால் தள்ளாடுகிறார். வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். "வயசாயிடுச்சு" என்கிறார் ஒருவர், "ராத்திரி தூக்கம் இல்லை" என்கிறார் இன்னொருவர். "கண்ணேறாக இருக்கும், ஓதிப் பார்க்கலாம்" என்றும் ஒரு குரல் எழுகிறது. இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 116 என்று வருகிறது. அது சரியானதும் பெரியவர் பேரனைப் பெயர் சொல்லி அழைக்கிறார்.

எழுபது வயதைத் தாண்டியவர்கள் உள்ள பல வீடுகளில் நடப்பது இதுதான். துஆ செய்வதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அதற்காக ரத்தப் பரிசோதனை இரண்டு நாள் தள்ளிப்போகக் கூடாது. புதுச்சேரியில் ஜிப்மர், இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை தொடங்கி தெருமுனை லேப் வரை சாதாரணமாகச் செய்யப்படும் பரிசோதனை இது. அந்தத் தாளில் உள்ள எண்களை எப்படிப் புரிந்துகொள்வது என்று பார்ப்போம்.

எலக்ட்ரோலைட் என்றால் என்ன?

நம் ரத்தத்திலும் உடல் திரவங்களிலும் கரைந்து, மின்னூட்டத்தோடு இருக்கும் தாது உப்புகளே எலக்ட்ரோலைட்டுகள். நரம்பு செய்தி அனுப்புவதும், தசை சுருங்குவதும், இதயம் சீராகத் துடிப்பதும் இவற்றின் அளவு சரியாக இருப்பதைப் பொறுத்தே நடக்கின்றன. அந்த அளவைக் காக்கும் முக்கியப் பொறுப்பு சிறுநீரகத்துடையது. அதனால்தான் டாக்டர்கள் இந்தப் பரிசோதனையை யூரியா, கிரியாட்டினின் பரிசோதனைகளோடு சேர்த்து எழுதுகிறார்கள்.

இதற்கு வெறும் வயிற்றில் போக வேண்டிய அவசியம் இல்லை. கூடவே சர்க்கரை, கொழுப்பு போன்றவற்றையும் பார்க்கச் சொல்லியிருந்தால் மட்டும் லேபில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் உள்ள எண்கள்

பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இயல்பான அளவுகள் இவை:

- சோடியம்: 135 முதல் 145 வரை
- பொட்டாசியம்: 3.5 முதல் 5.0 வரை
- குளோரைடு: 98 முதல் 107 வரை
- பைகார்பனேட்: 22 முதல் 28 வரை
- கால்சியம்: 8.5 முதல் 10.5 வரை
- மெக்னீசியம்: 1.7 முதல் 2.2 வரை

முதல் நான்கும் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற கணக்கு. சில லேப்கள் மில்லி ஈக்விவலண்ட் என்று போடுவார்கள். இந்த நான்குக்கும் இரண்டும் ஒரே எண்தான், குழம்ப வேண்டாம். கால்சியமும் மெக்னீசியமும் இங்கே ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் வரும். லேபுக்கு லேப் எல்லைகள் சற்று மாறும். ஆகவே உங்கள் தாளில் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும் எல்லையைத்தான் பார்க்க வேண்டும்.

சோடியத்துக்கு 'என்ஏ' என்றும் பொட்டாசியத்துக்கு 'கே' என்றும் குறியீடு இருப்பதைப் பார்த்துப் பலர் விழிப்பார்கள். நேட்ரியம், கேலியம் என்ற லத்தீன் பெயர்களின் சுருக்கம் அவை. அந்தப் பெயர்களோ 'நத்ரூன்', 'கலீ' என்ற அரபுச் சொற்களின் வழியாக வந்தவை. நத்ரூன் என்பது இயற்கையில் கிடைக்கும் சோடா உப்பு. கலீ என்பது செடிகளை எரித்து எடுத்த சாம்பல்.

பிரான்சில் உள்ள உறவினர் அங்கே எடுத்த ரிப்போர்ட்டை அனுப்பினால் அதில் 'நத்ரெமி', 'காலியெமி' என்று இருக்கும். ரத்தத்தில் உள்ள சோடியம், பொட்டாசியம் அளவுகளே அவை. எண்களும் நம்முடையது போலவே வரும். ஆனால் கால்சியம் அங்கே 2.2, 2.4 என்று மில்லிமோல் கணக்கில் வரலாம். அதைப் பார்த்து "கால்சியமே இல்லை" என்று பதற வேண்டாம். 4 ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு கிடைக்கும். 2.4 என்பது சுமார் 9.6, அதாவது இயல்பான அளவுதான்.

சோடியம் குறைந்தால் உப்பைக் கூட்டலாமா?

பெரும்பாலான குடும்பங்கள் தவறு செய்யும் இடம் இது. சோடியம் குறைவு என்றதும் உப்புக் கரைசல் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் ரிப்போர்ட் சொல்வது உடலில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை அல்ல. ரத்தத்தில் நீரும் சோடியமும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதைத்தான் அது சொல்கிறது. குழம்பில் தண்ணீர் கூடினாலும் உப்புக் குறைந்தது போலத்தானே தெரியும்?

இதயம், கல்லீரல், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு உடலில் நீர் தேங்குவதால் சோடியம் குறைந்து காட்டும். இவர்களுக்கு உப்பு கொடுத்தால் வீக்கமும் மூச்சுத்திணறலும் அதிகமாகும். நீரைக் குறைப்பதே இவர்களுக்குப் பெரும்பாலும் சிகிச்சை. மாறாக, வாந்தி, வயிற்றுப்போக்கால் உப்பும் நீரும் சேர்ந்து வெளியேறியவருக்கு இரண்டையும் ஈடு செய்ய வேண்டும். ஒரே எண்தான், வைத்தியம் நேர் எதிரானது.

முதியவர்களிடம் அடிக்கடி காணும் இன்னொரு காரணம் மாத்திரை. பிரஷருக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு போன்ற நீர் மாத்திரைகள் சோடியத்தைக் குறைக்கக்கூடும். இவை வேறு பிரஷர் மருந்தோடு ஒரே மாத்திரையாகச் சேர்ந்தும் வருவதால், நீர் மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. வலிப்புக்கான கார்பமசெபின், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

ரத்தச் சர்க்கரை 400, 500 என்று ஏறியிருக்கும்போது சோடியம் குறைந்து காட்டும். சர்க்கரை இறங்கினால் அதுவும் ஏறிவிடும். அதனால் இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சோடியம் 125க்குக் கீழே போகும்போது குமட்டல், தலைவலி, குழப்பம், தள்ளாட்டம் தெரியலாம். இன்னும் குறைந்தால் வலிப்பும் மயக்கமும் வரலாம். எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பதும் முக்கியம். சிகிச்சையில் சோடியத்தை மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளுக்கு நிரந்தரச் சேதம் ஏற்படலாம். "மூன்று நாளாக வைத்திருக்கிறார்களே" என்று டாக்டரிடம் கோபப்பட வேண்டாம்.

சோடியம் கூடுவதற்கு முக்கியக் காரணம் உடலில் நீர் வற்றுவது. படுக்கையில் இருக்கும், தாகம் என்று கேட்க முடியாத பெரியவர்களுக்கு இது வரும். அவர்களுக்கு நேரம் வைத்துத் தண்ணீர் கொடுப்பது வீட்டில் உள்ளவர்களின் கடமை.

பொட்டாசியம்: சத்தமில்லாத ஆபத்து

பொட்டாசியத்தின் எல்லை மிகக் குறுகியது. 3.5க்கும் 5.0க்கும் இடையில்தான் இதயம் நிம்மதியாக இருக்கும்.

குறைந்தால் கால் பிடிப்பு, உடல் சோர்வு, மலச்சிக்கல், படபடப்பு வரலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, பியூரோசமைடு போன்ற நீர் மாத்திரைகள் ஆகியவை வழக்கமான காரணங்கள். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுபவர்களுக்கு பொட்டாசியம் குறைவது கூடுதல் ஆபத்து.

கூடினால் பல நேரங்களில் ஓர் அறிகுறியும் இருக்காது. 6.5ஐத் தாண்டியவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டே இருக்கலாம், இதயம் திடீரென நின்றும் போகலாம். ஆகவே "நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. லேபிலிருந்து போன் வந்தால் அன்றே போய் ஈசிஜி எடுக்க வேண்டும்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில், ராமிபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகள் சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் கூட வாய்ப்பு அதிகம். இவை நல்ல மருந்துகள்தாம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஆனால் அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் தானே வாங்கிச் சாப்பிடும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் இவற்றோடு சேர்ந்தால் சிறுநீரகமும் கெடும், பொட்டாசியமும் ஏறும்.

சிறுநீரக நோயாளிக்கு இளநீர், பேரீச்சம்பழம், வாழைப்பழம், பழச்சாறு ஆகியவற்றை டாக்டர் குறைக்கச் சொல்வது இதனால்தான். மற்றவர்களுக்கு நன்மை தரும் அதே இளநீர் இவர்களுக்கு ஆபத்து. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கும் பாக்கெட்டுகளில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரக நோயாளிகள் அதைத் தொடவே கூடாது. இந்துப்பு என்பதும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், பிரஷருக்கு அது மாற்று அல்ல.

சில நேரம் எண் தவறாகவும் வரும். உடலில் உள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலும், கையை இறுக்கிக் கட்டி மீண்டும் மீண்டும் மூடித் திறக்கச் சொன்னாலும், மாதிரி வெகுநேரம் கிடந்தாலும் பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும். சந்தேகம் இருந்தால் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வார். அதைப் பணம் பறிக்கும் வேலை என்று நினைக்க வேண்டாம்.

மற்ற எண்கள்

குளோரைடு பெரும்பாலும் சோடியத்தின் பின்னாலேயே போகும். பைகார்பனேட் ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டுவது. சிறுநீரக நோயிலும், கட்டுப்படாத சர்க்கரை நோயிலும், கடும் வயிற்றுப்போக்கிலும் அது குறையும். கால்சியத்தை அல்புமின் என்ற புரதத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அல்புமின் குறைந்திருந்தால் கால்சியமும் குறைந்தது போலத் தெரியும். மெக்னீசியம் குறைந்திருந்தால் எவ்வளவு கொடுத்தாலும் பொட்டாசியம் ஏறாது. நெஞ்செரிச்சல் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு மெக்னீசியம் குறையலாம்.

வயிற்றுப்போக்கும் ஓஆர்எஸ்ஸும்

2022 ஜூலையில் நம் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். காலராவில் உயிரைப் பறிப்பது உடலை விட்டு வெளியேறும் நீரும் உப்புகளும்தான். 1971ல் வங்காள அகதி முகாம்களில், டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்த நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார்.

இன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ்ஸில் ஒரு லிட்டருக்கு சோடியம் 75, குளுக்கோஸ் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10 மில்லிமோல் இருக்கும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் சுத்தமான நீரில்தான் கரைக்க வேண்டும். அரை டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறும். டெட்ரா பாக்கெட்டில் வரும் இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் ஆகாது. இந்த அளவுகளுக்கு உட்படாத பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

நோன்புக் காலத்தில்

நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரக நோயாளிகள், இதயம் பலவீனமானவர்கள், இன்சுலின் போடுபவர்கள் ஆகியோர் ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே எலக்ட்ரோலைட், கிரியாட்டினின் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. பின்னர் களாச் செய்யலாம். குணமாகாத நோய் என்றால் பித்யா கொடுக்கலாம். அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளத் தயங்கும் பெரியவர்களிடம் ஆலிம்களைக் கொண்டு எடுத்துச் சொல்லுங்கள். நோன்போடு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

1. பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். மூன்று மாதமாக 132ல் நிற்கும் சோடியமும், மூன்று நாளில் 140லிருந்து 124க்கு இறங்கிய சோடியமும் ஒன்றல்ல.
2. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்தையும், கடையில் வாங்கிய வலி மாத்திரையையும் மறைக்க வேண்டாம்.
3. வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சிறுநீரின் அளவு, கால் வீக்கம், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்பதைச் சொல்லுங்கள்.
4. எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தியம் கேட்காதீர்கள். நாமாக உப்போ இளநீரோ கொடுக்கவும் வேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

திடீர்க் குழப்பம், வலிப்பு, மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுப் படபடப்பு, கைகால் செயலிழப்பு இருந்தாலும், சோடியம் 120க்குக் கீழே, பொட்டாசியம் 2.5க்குக் கீழே அல்லது 6க்கு மேலே வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள்.

வயதானவர் திடீரென வேறு ஆளாக மாறிப் பேசினால், அதை வயதின் மேல் போட்டுவிடாதீர்கள். அன்றே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். சரிசெய்யக்கூடிய குறையாக இருந்தால், இன்ஷா அல்லாஹ், சில நாட்களில் அவர் பழையபடி நம்மைப் பெயர் சொல்லி அழைப்பார்.