மாட்டுப் பித்தத்திலிருந்து வந்த ஊசி

1929-ல், அமெரிக்காவோட மேயோ கிளினிக்ல டாக்டர் ஃபிலிப் ஹென்ச் ஒரு வினோதத்தைக் கவனிச்சார். முடக்குவாத நோயாளி ஒருத்தருக்கு மஞ்சள் காமாலை வந்துச்சு. மூட்டு வலி குறைஞ்சிடுச்சு. கர்ப்பிணிகள்கிட்டயும் இதேதான். அப்போ உடம்புக்குள்ளயே ஏதோ ஒண்ணு இந்த நோயை அடக்குது. அது என்னன்னு தெரிய கிட்டத்தட்ட 20 வருஷம் ஆச்சு.

1948 செப்டம்பர் 21. நடக்கவே சிரமப்பட்ட 29 வயசுப் பெண்ணுக்கு 'காம்பவுண்ட் ஈ' ஊசி. எட்வர்ட் கெண்டல் அட்ரினல் சுரப்பியிலிருந்து பிரிச்ச பொருள். போட்ட மருந்தை மெர்க் கம்பெனி மாட்டுப் பித்தத்திலிருந்து படிப்படியா தயாரிச்சது. சில நாள்ல அவர் நல்லா நடந்தார், ஒரு வாரத்துல கடைவீதிக்கே போனார்! கார்ட்டிசோன் அதுதான். 1950-ல நோபல் பரிசு.

கதையை இங்கேயே நிறுத்தினா அது விளம்பரம். ஊசியை விட்டதும் வலி திரும்பிச்சு. தொடர்ந்து போட்டா முகம் உப்புது, எலும்பு பலவீனமாகுது, மனநிலை தடுமாறுது. ஹென்ச்சே இதைக் குணப்படுத்துற மருந்துன்னு சொல்லல.

இன்னிக்கும் டாக்டர்கள் ஸ்டீராய்டு தர்றாங்க, குறைஞ்ச அளவுல, கொஞ்ச காலத்துக்கு. பாட்டிக்கு மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கற மாத்திரை அட்டையை ஒருதடவை படிச்சுப் பாருங்க. மாசக்கணக்கா சாப்பிட்டிருந்தா, டாக்டரைக் கேக்காம சட்டுனு நிறுத்தவும் கூடாது. அட்ரினல் சுரப்பி அதுக்குள்ள தன் வேலையைக் குறைச்சிருக்கும்.